அட்ரியானோபிள், கி.பி. 378: ரோமப் படை எப்படித் தோற்றது?

ரோமப் பேரரசின் வீழ்ச்சியைப் பற்றிப் பேச்சு எழுந்தால் அட்ரியானோபிள் என்ற பெயர் கட்டாயம் வந்துவிடும். கி.பி. 378 ஆகஸ்ட் 9 அன்று, இன்றைய துருக்கியின் எதிர்னே நகரத்துக்கு அருகில், கிழக்கு ரோமப் பேரரசர் வேலன்ஸ் தன் படையோடு கோத்தியர் என்ற ஜெர்மானிய மக்கள் கையில் அழிந்தார். இதுவரை எல்லோரும் ஒத்துக்கொள்வார்கள். ஏன் தோற்றார் என்று கேட்டால்தான் ஆளுக்கொரு கதை. "காட்டுமிராண்டிக் கூட்டம் கடலாகத் திரண்டு வந்து மூழ்கடித்தது" என்பார் ஒருவர். "ரோமப் படை அதற்குள் உளுத்துப்போயிருந்தது" என்பார் இன்னொருவர். "குதிரைவீரன் காலாளை வென்ற நாள் அது, அன்றோடு இடைக்காலம் பிறந்துவிட்டது" என்பது மூன்றாவது கதை. இதுதான் அதிகம் பரவியிருக்கிறது.

இந்த மூன்றில் எதுவும் அந்த நாளை விளக்குவதில்லை. அம்மியானஸ் மார்செல்லினஸ் என்ற முன்னாள் படை அதிகாரி அன்று நடந்ததை விரிவாக எழுதி வைத்திருக்கிறார். ஒரு படை எப்படி நகரும், எங்கே சிக்கும் என்பது தெரிந்தவரின் எழுத்து. அதைப் பொறுமையாகப் பின்தொடர்ந்தால், பெரிய தத்துவங்கள் எதுவும் இல்லாமலே தோல்வி புரிந்துவிடும். அதற்கு ஒரே ஒரு விஷயம் முதலில் பிடிபட வேண்டும்.

படை என்பது வரிசை

பழங்காலப் போர் என்றதும் சினிமாக் காட்சிதான் நினைவுக்கு வருகிறது: இரண்டு கூட்டம் கத்திக்கொண்டே ஓடிவரும், மோதும், அப்புறம் ஆளுக்கொரு ஆளோடு சண்டை. ரோமக் காலாட்படை, அதாவது தரையில் நின்று போரிடும் படை, அப்படிச் சண்டை போட்டதில்லை. வீரர்கள் பக்கத்தில் பக்கத்தில், பல வரிசை ஆழத்துக்கு நின்றார்கள். ஒருவனுடைய கேடயம் அவனையும் காக்கும், அருகில் இருப்பவனுக்கும் கொஞ்சம் மறைப்புத் தரும். ஈட்டியை ஓங்குவதற்கும் வாளை உருவுவதற்கும் தேவையான இடைவெளி மட்டும் நடுவே இருக்கும். தூரத்திலிருந்து பார்த்தால் நகரும் சுவர்.

சுவருக்கு முன்பக்கம்தான் பலம். ஓரத்தில் போய் நின்று தள்ளினால் கடைசிச் செங்கல் சுலபமாகக் கழன்றுவிடும். படை வரிசையின் இந்த ஓரத்தை விலா என்று வைத்துக்கொள்வோம். மனித உடம்பில் விலா எப்படியோ, படைக்கும் அப்படித்தான்: அடி விழுந்தால் மூச்சு நின்றுவிடும். அதனால்தான் இரண்டு ஓரத்திலும் குதிரைப்படையை நிறுத்துவார்கள். இவை படையின் சிறகுகள்.

இன்னொன்றும் உண்டு. கல்யாண வீட்டில் எத்தனை பந்தி நடந்தாலும் ஒரு அண்டா சோற்றைத் தொடாமல் தனியே வைத்திருப்பார்கள். எதிர்பாராமல் ஒரு பஸ் நிறைய ஆட்கள் வந்து இறங்கினால் மானத்தைக் காப்பது அந்த அண்டாதான். போரில் அதற்கு ஈடானது சேமப்படை: சண்டையில் இறக்காமல் பின்னால் நிறுத்தி வைத்து, வரிசை எங்கே கிழிகிறதோ அங்கே அனுப்பும் படை.

ஆக, நடுவில் காலாட்படை, இரு ஓரத்திலும் குதிரைச் சிறகு, பின்னால் சேமப்படை. மூன்றும் ஒன்றுக்கொன்று முட்டுக் கொடுத்து நிற்கும்வரை அதை உடைப்பது மிகவும் கடினம்.

ஆற்றைக் கடந்தவர்கள்

கி.பி. 376-ல் கோத்தியர் டான்யூப் ஆற்றின் வடகரைக்கு வந்து நின்றது ரோமைத் தாக்குவதற்காக இல்லை. கிழக்கிலிருந்து ஹூணர்கள் விரட்டிக்கொண்டு வந்தார்கள். இவர்கள் பெண்டு பிள்ளைகளோடு ஓடி வந்தார்கள். தெர்விங்கி என்ற பிரிவினர் ஆற்றைக் கடந்து குடியேற அனுமதி கேட்டார்கள். வேலன்ஸ் அப்போது பாரசீகத்தோடு ஏற்பட்டிருந்த பூசலுக்காக அந்தியோக்கியாவில் இருந்தார். படைக்குப் புதிய ஆட்கள் கிடைப்பார்கள் என்ற கணக்கில் சரி என்றார்.

அதற்குப் பிறகு நடந்ததைப் படிக்கையில் எனக்கு ஒவ்வொரு முறையும் நெஞ்சு கனத்துவிடும். வந்தவர்களுக்குச் சோறு போட வேண்டிய பொறுப்பு திரேஸ் பகுதியில் இருந்த லூபிசினஸ், மாக்சிமஸ் என்ற இரண்டு அதிகாரிகளிடம் இருந்தது. அவர்கள் பசியை வியாபாரமாக்கினார்கள். நாய்களைப் பிடித்து வரச் செய்து, ஒரு நாய்க்கு ஒரு மனிதர் என்று அடிமைகளாக வாங்கினார்கள் என்று அம்மியானஸ் எழுதுகிறார். நாய்க்கறிக்காகக் கொடுக்கப்பட்டவர்களில் தலைவர்களின் பிள்ளைகளும் இருந்தார்கள். இதை எழுதியவர் ரோமப் பக்கத்து ஆள் என்பதை மறந்துவிடக்கூடாது.

கோத்தியரிடையே முணுமுணுப்பு எழுந்ததும், அவர்களை நகர்த்திக்கொண்டு போவதற்காக லூபிசினஸ் ஆற்றங்கரைக் காவல் படையை எடுத்துக்கொண்டார். காவல் இல்லாத கரை வழியாக, அனுமதி மறுக்கப்பட்டிருந்த கிரூதுங்கி என்ற இன்னொரு பிரிவும் உள்ளே வந்துவிட்டது. அடுத்து மார்சியானோபிள் நகரத்தில் தலைவர்களை விருந்துக்கு அழைத்து, விருந்து நடக்கும்போதே அவர்களோடு வந்த காவலர்களைக் கொன்றார்கள். ஃபிரிட்டிகெர்ன் என்ற தலைவர், "நான் வெளியே போனால்தான் என் மக்களை அமைதிப்படுத்த முடியும்" என்று சொல்லித் தப்பித்தார். வெளியே போனவர் போர் தொடங்கினார். லூபிசினஸின் படை தோற்றது. செத்துக் கிடந்த ரோம வீரர்களின் ஆயுதங்களைக் கோத்தியர் எடுத்து அணிந்துகொண்டார்கள். திரேஸில் ஏற்கெனவே விற்கப்பட்டிருந்த அடிமைகளும், வரிச்சுமை தாங்காத சுரங்கத் தொழிலாளர்களும் அவர்களோடு போய்ச் சேர்ந்தார்கள்.

எனவே 378-ல் வேலன்ஸ் எதிர்கொண்டது புதிதாகப் படையெடுத்து வந்த ஒரு கூட்டத்தை இல்லை. இரண்டு ஆண்டுகளாகப் பேரரசுக்கு உள்ளேயே இருந்து, ரோம ஆயுதங்களோடும் உள்ளூர் வழிகாட்டிகளோடும் போரிட்டுப் பழகிய மக்களை.

வேலன்ஸின் அவசரம்

378 மே மாத இறுதியில் வேலன்ஸ் கான்ஸ்டான்டிநோபிளுக்கு வந்தார். நாட்டைக் காக்கவில்லை என்று நகர மக்கள் அவரைப் பார்த்துக் கூச்சல் போட்டார்கள். மேற்கிலிருந்து உதவிக்கு வந்துகொண்டிருந்தவர் அவருடைய அண்ணன் மகன் கிரேஷியன், 19 வயது மேற்குப் பேரரசர். அந்த இளைஞர் அதே ஆண்டு அலமன்னியர் என்ற மக்களை அர்ஜெந்தோவாரியாவில் வென்றுவிட்டு வருகிறார் என்ற செய்தியும் கூடவே வந்தது. ஐம்பதை எட்டிக்கொண்டிருந்த வேலன்ஸுக்கு இது உறுத்தியது. வெற்றியைப் பங்கு போட மனமில்லை.

அட்ரியானோபிளில் ஆலோசனை நடந்தது. கிரேஷியன் வரட்டும், சேர்ந்து போகலாம் என்றார் குதிரைப்படைத் தளபதி விக்டர். காத்திருக்கத் தேவையில்லை என்றார் செபஸ்தியானஸ். சிறு படைகளோடு பதுங்கித் தாக்கி அண்மையில் சில வெற்றிகளைப் பெற்றிருந்தவர் அவர். கிரேஷியனே ரிக்கோமெரஸ் என்ற அதிகாரியிடம், கொஞ்சம் பொறுங்கள் என்று கடிதம் கொடுத்தனுப்பியிருந்தார்.

தராசைச் சாய்த்தது ஓர் எண். எதிரிகள் 10,000 பேர்தான் என்று ஒற்றர்கள் சொன்னார்கள். வேலன்ஸின் படை எவ்வளவு என்பதை இன்றைய ஆய்வாளர்கள் பெரும்பாலும் 15,000-க்கும் 30,000-க்கும் இடையே வைக்கிறார்கள். எதிரி 10,000 என்றால் காத்திருக்கக் காரணமே இல்லை. ஆனால் கிரூதுங்கிகளின் குதிரைப்படை, அலத்தியஸ், சாஃப்ராக்ஸ் என்ற இருவர் தலைமையில் வேறெங்கோ இருந்தது. ஒற்றர்கள் சொன்ன எண்ணில் அவர்கள் இல்லை.

பொறாமை, மக்களின் ஏளனம், தவறான எண்ணிக்கை: இந்த மூன்றும் சேர்ந்து முடிவெடுத்தன. ஆனால் முடிவு தப்பாக இருந்தாலும் போரில் வெல்ல வாய்ப்பு உண்டு. எத்தனையோ அவசரக்காரர்கள் வென்றிருக்கிறார்கள். வேலன்ஸின் படை களத்துக்கு எந்த நிலையில் போய்ச் சேர்ந்தது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

ஆகஸ்ட் 9, காலையிலிருந்து

விடியும்போது படை கிளம்பியது. மூட்டை முடிச்சுகள் நகர மதிலருகே காவலோடு விடப்பட்டன; கருவூலமும் அரச சின்னங்களும் நகரத்துக்குள் பத்திரமாக இருந்தன. கரடுமுரடான பாதை. கோடை வெயில். கோத்தியரின் வண்டிகள் கண்ணில் படும்போது பிற்பகல் 2 மணி ஆகிவிட்டது. இரும்புச் சங்கிலிச் சட்டையோடும் கேடயத்தோடும் அத்தனை மணி நேரம் நடந்தவர்களுக்குச் சாப்பாடும் இல்லை, தண்ணீரும் இல்லை. போதாக்குறைக்குக் கோத்தியர் சுற்றியிருந்த வயல்களுக்குத் தீ வைத்துவிட்டார்கள். வெக்கையும் புகையும் நேராக ரோமர் முகத்தில் அடித்தன.

எதிரே இருந்தது வண்டிக்கோட்டை. குடும்பங்களும் தட்டுமுட்டுகளும் வந்த மாட்டு வண்டிகளை வட்டமாகச் சேர்த்து நிறுத்தி, அதையே மதிலாக்கிக்கொள்ளும் முறை இது. கடைசல் பிடித்தது போன்ற வட்டம் என்று வர்ணிக்கிறார் அம்மியானஸ். உள்ளே இருந்தவர்களுக்கு நிழல் இருந்தது, தண்ணீர் இருந்தது, பின்னால் மனைவி மக்கள் இருந்தார்கள்.

இங்கேதான் ரோமரின் முதல் பெரிய சிக்கல். பள்ளிக்கூடத்தில் காலை வழிபாட்டுக்குப் பிள்ளைகள் வருவதை நினைத்துப் பாருங்கள். வகுப்பிலிருந்து வருவது ஒற்றை வரிசையில், நீளமாக. மைதானத்தில் நிற்க வேண்டியது அகலவாட்டில். முதலில் வந்த வகுப்பு இடம்பிடித்து நின்றுவிட்டிருக்கும், கடைசி வகுப்பு இன்னும் மாடிப்படியில் இறங்கிக்கொண்டிருக்கும். படைக்கும் இதே கதைதான். சாலையில் நீண்ட வாலாக வந்த படை, எதிரியைப் பார்த்ததும் அகலமாக விரிந்து நிற்க வேண்டும். இதை அணிவிரிப்பு என்போம். பல ஆயிரம் பேருக்கு இது மணிக்கணக்கில் ஆகும் வேலை. அன்று வலது சிறகுக் குதிரைப்படை முன்னால் போய் நின்றுவிட்டது. இடது சிறகின் பெரும்பகுதி இன்னும் சாலையில் சிதறலாக வந்துகொண்டிருந்தது.

ஃபிரிட்டிகெர்னுக்குத் தேவைப்பட்டது நேரம். அவருடைய குதிரைப்படை வெளியே போயிருந்தது. திரும்பி வர ஆள் அனுப்பியாகிவிட்டது. சமாதானம் பேசத் தூதர்களை அனுப்பினார். இவர்கள் சாதாரண ஆட்கள், பெரிய இடத்து ஆட்களை அனுப்பு என்றார் வேலன்ஸ். அதில் கொஞ்ச நேரம் போனது. பிறகு, ரோமர் தரப்பிலிருந்து உயர்ந்த பதவியில் இருப்பவரைப் பிணையாக அனுப்பினால் நானே வருகிறேன் என்று சேதி வந்தது. வேலன்ஸின் உறவினர் எக்விட்டியஸைப் போகச் சொன்னார்கள். முன்பொரு முறை கோத்தியரிடம் சிக்கித் தப்பி வந்தவர் அவர், மாட்டேன் என்றுவிட்டார். கடைசியில் ரிக்கோமெரஸ் தானாக முன்வந்தார். வெயிலில் நின்ற வீரர்களுக்கு ஒவ்வொரு நிமிடமும் தாகம் ஏறிக்கொண்டே போனது.

ரிக்கோமெரஸ் வண்டிக்கோட்டையை நோக்கிப் போய்க்கொண்டிருந்தபோது, பக்கூரியஸ், காஸியோ என்ற இருவரின் கீழ் இருந்த வில்லாளிகளும் காவற்குதிரைப் பிரிவினரும் உத்தரவு வருமுன்னே பாய்ந்துவிட்டார்கள். பாய்ந்த வேகத்திலேயே அடிபட்டுத் திரும்பினார்கள். பேச்சுவார்த்தை அத்தோடு முடிந்தது. பாதி விரிந்த படை போருக்குள் விழுந்தது.

சரியாக அந்த நேரத்தில் அலத்தியஸும் சாஃப்ராக்ஸும் வந்து சேர்ந்தார்கள். கூடவே அலன் இனக் குதிரைவீரர்கள் சிலர். மலையிலிருந்து இறங்கிய இடி என்கிறார் அம்மியானஸ்.

இதுவரை பார்த்தது: களைத்த படை, விரிந்து முடியாத வரிசை, உத்தரவில்லாமல் தொடங்கிய சண்டை, கணக்கில் வராத குதிரைப்படை. இனி நடந்ததுதான் தோல்வியின் உள் இயக்கம்.

நெரிசல்

ரோமரின் இடது சிறகு ஒரு கட்டத்தில் வண்டிகள் வரை முன்னேறிவிட்டது. கூட வேறு யாராவது போயிருந்தால் இன்னும் போயிருக்கும். மற்ற குதிரைப்படை கூடவே போகவில்லை. தனியாக மாட்டிய இடது சிறகு நொறுங்கியது. காலாட்படையின் விலா திறந்துவிட்டது.

திறந்த விலாவில் எதிரி இறங்கினால் வரிசையில் இருப்பவன் என்ன செய்வான்? ஓரத்தில் இருப்பவன் அடிக்குப் பயந்து உள்பக்கம் ஒதுங்குவான். அவன் ஒதுங்கினால் அடுத்தவன் ஒதுங்க வேண்டும். முன்னால் வண்டிக்கோட்டையிலிருந்து இறங்கி வந்த கோத்தியக் காலாட்படை, பக்கத்தில் குதிரைகள். ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே சமயத்தில் நடுவை நோக்கி ஒதுங்கினால் நெரிசல்தான்.

கூட்டம் பிதுங்கும் டவுன் பஸ்ஸில் நின்றபடி போயிருப்போம். கண்டக்டர் டிக்கெட் கேட்கிறார். காசு சட்டைப் பையில்தான் இருக்கிறது. ஆனால் தொங்கிக்கொண்டிருக்கும் கையைப் பை வரை கொண்டுவர முடிவதில்லை. பலசாலியாக இருந்தாலும் அதே கதைதான், இடம் இல்லை. அட்ரியானோபிளில் நடந்தது இதுவே. வாளை உருவவோ கையைப் பின்னுக்கு இழுக்கவோ முடியாத அளவுக்கு வீரர்கள் அடைந்துபோனார்கள் என்று அம்மியானஸ் எழுதுகிறார். வானமே தெரியாத புழுதி. அதனால் வருகிற அம்பு தெரியவில்லை, அடர்ந்த கூட்டத்தில் விடப்பட்ட அம்பு வீணாகவும் இல்லை. ஈட்டிகள் முறிந்தன. ரத்தத்தில் கால் வழுக்கியது. வெளிப்பக்கம் இருந்தவர்கள் மட்டும்தான் போரிட முடிந்தது. உள்ளே இருந்தவர்கள் தங்கள் முறை வரும்வரை நின்றார்கள்.

வரிசையின் பலம் இடைவெளியில் இருக்கிறது என்று சொன்னால் நம்புவது கடினம். நெருக்கமாக நின்றால் பலம் என்றுதானே தோன்றும். வாளை வீச ஒரு முழம் இடம் இருந்தால் அது படை. அந்த ஒரு முழம் போய்விட்டால், எத்தனை ஆயிரம் பேர் இருந்தாலும், ஓரத்தில் நிற்கும் சில நூறு பேர்தான் உண்மையில் போரிடுகிறார்கள். எண்ணிக்கையே எதிரியாகிவிடுகிறது. அம்மியானஸ் இந்த அழிவைக் கி.மு. 216-ல் ஹன்னிபால் ரோமரைச் சுற்றி வளைத்துக் கொன்ற கன்னே போரோடு ஒப்பிடுகிறார். ஒப்பீடு கச்சிதமானது, அங்கேயும் நெரிசல்தான் கொன்றது.

அண்டாச் சோறு எங்கே போனது?

வரிசை கிழியும் என்று தெரிந்துதானே சேமப்படை வைக்கிறார்கள்? வைத்திருந்தார்கள். படாவியர் என்ற பெயர்பெற்ற பிரிவு அருகில் நிறுத்தப்பட்டிருந்தது. பேரரசர் தன் காவலர்களை இழந்து, இன்னும் குலையாமல் நின்ற இரண்டு படைப்பிரிவுகளுக்கிடையே அடைக்கலம் புகுந்திருந்தார். அவரைக் காப்பாற்ற படாவியரைக் கூப்பிடு என்று டிராஜன் என்ற தளபதி கத்தினார். விக்டர் ஓடினார். நிறுத்தியிருந்த இடத்தில் ஒருவரும் இல்லை. அவரும் திரும்பி வரவில்லை, தப்பிப் போய்விட்டார்.

இதன் கனம் புரிய வேண்டுமானால் 21 ஆண்டுகள் பின்னால் போக வேண்டும். 357, இதே ஆகஸ்ட் மாதம், ஸ்ட்ராஸ்பூர்க். பின்னாளில் பேரரசரான ஜூலியன் தலைமையில் 13,000 ரோமர்கள் அலமன்னியரை எதிர்த்தார்கள். அன்றும் விடியலில் கிளம்பி வெயிலில் நடந்து வந்த படைதான். இன்று ஓய்வெடுத்து நாளைக்குப் பார்க்கலாம் என்று ஜூலியன் சொல்லியும் வீரர்கள் கேட்காமல் போருக்கு அவசரப்பட்டார்கள். அன்றும் ஒரு பக்கத்துக் குதிரைப்படை மிரண்டு பின்வாங்கியது. அட்ரியானோபிளுக்கான எல்லாப் பொருளும் அங்கே தயாராக இருந்தது. ஆனால் ஜூலியன் ஓடிய குதிரைகளை மறித்து நிறுத்தினார். காலாட்படை இறுக்கத்தில் மாட்டியபோது உதவிக்கு ஓடி வந்தவர்களில் படாவியர் என்ற அதே பெயர்ப் பிரிவும் இருந்தது. வரிசை நின்றது. ரோமர் இழந்த வீரர்கள் 243 பேர்.

ஒரே மாதிரிப் படை, ஒரே மாதிரித் தவறுகள். ஒரு களத்தில் கிழிசலைத் தைக்க ஆள் வந்தது, இன்னொன்றில் வரவில்லை. ரோமப் படை உளுத்துப்போயிருந்தது என்ற வாதம் எனக்கு ஏற்புடையதாக இல்லாததற்கு இதுதான் காரணம். அர்ஜெந்தோவாரியாவில் கிரேஷியனின் படை வென்றதும் அதே 378-தான்.

குதிரையும் அங்கவடியும்

அந்த மூன்றாவது கதைக்கு வருவோம். கோத்தியக் குதிரைவீரர்கள் அங்கவடியில் கால் ஊன்றி ரோமக் காலாட்படையை மிதித்து நசுக்கினார்கள் என்று இன்றும் எழுதுகிறார்கள். அங்கவடி என்பது குதிரை மேல் இருப்பவர் கால் வைக்கும் வளையம். அது ஐரோப்பாவுக்குள் அவார் மக்களோடு வந்தது இந்தப் போருக்குச் சுமார் 200 ஆண்டுகள் கழித்து. 378-ல் இரு தரப்பிலும் யாருக்கும் அங்கவடி கிடையாது. கோத்தியரில் பெரும்பாலானவர்கள் காலாட்கள். ரோமரிடமும் நிறையக் குதிரைகள் இருந்தன. குதிரைகள் அன்று விலாவைத் திறந்தன, அவ்வளவுதான். அந்த வேலையைக் குதிரைப்படை ஹன்னிபால் காலத்திலேயே செய்திருக்கிறது.

இரவும் மறுநாளும்

நிலவில்லாத இரவு. படையில் மூன்றில் இரண்டு பங்கு மடிந்தது. செபஸ்தியானஸ், டிராஜன், எக்விட்டியஸ், அவர்களோடு 35 படைப்பிரிவு அதிகாரிகள். வேலன்ஸ் அம்பு பட்டு விழுந்தார் என்பது ஒரு செய்தி. அடிபட்டவரை ஒரு பண்ணை வீட்டு மாடிக்குத் தூக்கிப் போனார்கள், உள்ளே இருப்பது யார் என்று தெரியாமலே கோத்தியர் வீட்டைக் கொளுத்தினார்கள், ஜன்னல் வழியாகக் குதித்த ஒருவன் பிறகு சொன்னான் என்பது இன்னொன்று. உடல் கிடைக்கவில்லை.

பேரரசு அன்றோடு விழவில்லை. 379-ல் தியோடோசியஸ் பதவிக்கு வந்தார், 382-ல் கோத்தியரோடு உடன்படிக்கை ஆனது. மேற்குப் பேரரசு 476 வரையிலும், கிழக்கு 1453 வரையிலும் இருந்தன. ஆனால் தோற்கடிக்கப்படாத ஒரு மக்கள் கூட்டம் தன் தலைவர்களோடு பேரரசுக்குள்ளேயே தங்கியது. 410-ல் அலாரிக் தலைமையில் ரோம் நகரத்தைச் சூறையாடியவர்கள் கோத்தியர்கள்.

மறுநாள் விடிந்ததும் வென்ற கோத்தியர் அட்ரியானோபிள் மதிலுக்கு வந்தார்கள். கருவூலம் உள்ளே இருப்பது அவர்களுக்குத் தெரியும். ஏணிகளோடு முட்டினார்கள். முந்தைய நாள் நசுங்கிய அதே ரோமப் படையின் மிச்சம், நகர மக்களோடு சேர்ந்து, மதில் மேல் நின்றது. இப்போது விலா கிடையாது, ஒதுங்க வேண்டிய அவசியமும் கிடையாது. தாங்கள் எய்த அம்புகளையே கோத்தியர் பொறுக்கித் திருப்பி எய்வதைப் பார்த்தவர்கள், அம்பு முனையைத் தண்டோடு கட்டியிருக்கும் நரம்பைப் பாதி அறுத்துவிட்டு எய்தார்கள். குத்தினால் வேலை செய்யும். தரையில் விழுந்தால் முனை கழன்று, மறுபடி உதவாது. கல்லெறி பொறியும் வேலை செய்தது. கோத்தியரால் உள்ளே வர முடியவில்லை. அங்கிருந்து கான்ஸ்டான்டிநோபிள் வரை போனார்கள், அதன் மதில்களைப் பார்த்தார்கள், திரும்பிப் போனார்கள்.